ஒரு வாய் சாயத்தண்ணி

சேசு மரி சூசை துணை

டிக்கோயா ஆஸ்பத்திரி,
1952 அக்டோபர் 12

அண்ணனுக்கு, சூசையம்மா எழுதுவது.

உயிரோடுதான் இருக்கிறேன். நீங்கள் தேடியிருக்க மாட்டீர்கள். உங்கள் மகள் பிலோமி கேட்டிருப்பாள், அவளுக்காக எழுதுகிறேன். இங்கே பெண்கள் வார்டில் ஆயா வேலை கிடைத்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஊர்ப் பிள்ளைகளின் மூத்திரத் துணி அலசிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. படுக்க இடம் உண்டு. சாப்பாடு உண்டு. கால்தான் ராத்திரியில் விண் விண் என்று வலிக்கிறது.

அங்கே என்னைப் பற்றி என்னென்ன பேசுகிறார்களோ தெரியாது. நடந்ததை நடந்தபடி ஒரு தரம் எழுதிவிடுகிறேன்.

மாதா திருநாளன்று நம் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணி கூடப் பல்லில் படக்கூடாது, அப்படிப் பட்டால் நற்கருணை வாங்கக்கூடாது என்று உபதேசியாரான நீங்கள் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். பிள்ளைகளும் அப்படியே இருந்தார்கள். விடிந்ததும் பூசை வைக்க வரவேண்டிய சுவாமி வரவில்லை. மஸ்கெலியா ரோட்டில் மண் சரிந்து லொறி நின்றுவிட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? கோயிலுக்குப் பதில் பூசை நடக்கிற கொழுந்து மடுவத்தில் தராசைக் கழற்றிவிட்டு, நன்மை வாங்குகிற பலகைக்கு வெள்ளை விரித்து, மெழுகுதிரியை ஏற்றி, அணைத்து, மறுபடி ஏற்றி, எத்தனை நேரம்! மழை வேறு. வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் வெடவெடவென்று நடுங்கின. பிலோமிக்கு முந்தின வாரம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அப்படியே என் மேல் சாய்ந்தாள். கண் மேலே செருகிவிட்டது. உதடு நீலம். நீங்கள் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பின்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொழுந்து நிறுக்கிற செல்லசாமி கங்காணி தனக்கு வைத்திருந்த சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி, அங்கே இருந்தது. ஒரு வாய் கொடுத்தேன். கருப்பட்டி ஒரு துண்டு கடிக்கக் கொடுத்தேன். கண்ணைத் திறந்தாள். "அத்தை, இப்ப நான் நன்மை வாங்கக் கூடாதுல்ல?" என்று கேட்டாள். "இனிமே சாமி எங்க தாயி வரப் போறாரு, குடி" என்றேன்.

சாமி வந்துவிட்டார். முழங்கால் வரைக்கும் சேறு, பாவம், நடந்தே வந்திருந்தார். பிலோமியும் வரிசையில் போய் முழங்காலில் நின்றாள். தாயில்லாப் பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை, நான் தைத்த சட்டை. எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து இழுத்துவர எனக்கு மனசு வரவில்லை. நற்கருணை கீழே விழாமல் அவள் மோவாய்க்குக் கீழே நன்மைத் தட்டைப் பிடித்து நின்றதும் நீங்கள்தான்.

அன்று சாயங்காலம் நானேதான் உங்களிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அடுத்த ஞாயிறு செபமாலை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, "என் கூடப் பொறந்தவ ஆண்டவரை அவமதிச்சுட்டா. அவ வாசல்ல முழங்கால்ல நிக்கட்டும்" என்றீர்கள். நான் நிற்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

பிலோமிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். வாரம் ஒரு தடவையாவது.

சூசையம்மா

—

சேசு மரி சூசை துணை

பனிக்கல் தோட்டம், மஸ்கெலியா,
1952 நவம்பர் 3

தங்கை சூசையம்மாவுக்கு இஞ்ஞாசிமுத்து எழுதுவது.

கடிதம் கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை என்பது ஒரு பாதி, மனம் இல்லை என்பது மறு பாதி. ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினோடு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு போட்டு, அவள் தூங்கின பிறகு எழுதுகிறேன். எண்ணெய் வைக்கிறேன். பின்னல்தான் எனக்கு வரவில்லை.

நடந்தபடி எழுதியிருக்கிறாய். பொய் எழுதவில்லை. ஆனால் நீ பஸ் ஏறின மறுநாளே பிலோமிக்குத் திரும்பக் காய்ச்சல் கண்டது உனக்குத் தெரியாது. உடம்பு கொதித்தது, பிதற்றினாள். தகுதியில்லாமல் உட்கொள்கிறவன் தனக்கே தீர்ப்பை உட்கொள்கிறான் என்று நானே படித்துக் கொடுத்தவன். அந்தப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன நினைத்திருப்பேன்? பயந்துபோனேன், சூசை. அந்தப் பயம் உனக்கு இல்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

அது அப்பம் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது அப்பம் இல்லை. சுவாமி வசனம் சொன்ன பிறகு அது ஆண்டவருடைய சரீரம். தோட்டத்துத் துரை நாம் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வருகிறார் என்றால் வாசல் கூட்டுகிறோம், சாணி தெளிக்கிறோம். சர்வேசுரன் வருகிற வாயை ஒரு இரவு வெறுமையாக வைத்திருக்க முடியாதா?

நமக்கென்று வேறு என்ன இருக்கிறது, சொல். இங்கே குடிகளாக இருக்கப் பிரசா உரிமைக்கு மனுப் போட்டோம், பதில் இல்லை. இந்த நாட்டுக்காரன் நம்மை வேண்டாம் என்கிறான், நம் பாட்டன் புறப்பட்டு வந்த நாட்டுக்காரனும் கேட்பதாயில்லை. லயம் துரையுடையது, மலை துரையுடையது. மாதத்தில் ஒரு நாள் அந்த மடுவத்துக்கு ஆண்டவர் நடந்து வருகிறார். நம்மைத் தேடி வருகிறவர் அவர் ஒருவர்தான். அவருக்குச் செய்கிற மரியாதையிலும் கைவைத்தால் நமக்கு என்ன மிஞ்சும்?

செல்லசாமி கங்காணி, "ஒரு வாய் தேத்தண்ணிக்கா உபதேசியாரே இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று சிரிக்கிறார். அவர் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர், சிரிக்கலாம். நீயும் நானும் சிரிக்க முடியாது.

சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய், அது செய்யாமல் நீ நன்மை வாங்கக்கூடாது. ஒரு ஞாயிறு வந்து வாசலில் முழங்காலில் நில். அத்தோடு முடிந்தது. வீடு உன் வீடு.

இஞ்ஞாசிமுத்து

—

டிக்கோயா,
1953 பெப்ரவரி 22

அண்ணனுக்கு,

அட்டன் கோயிலில் போன ஞாயிறு வாசித்தார்கள். அங்கேயும் வாசித்திருப்பார்கள். இனிமேல் பச்சைத்தண்ணி குடித்தால் உபவாசம் முறியாதாம். பாப்பரசரே சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். ஆறு மாதம் முந்திச் சொல்லியிருந்தால், அன்றைக்கு நான் தேத்தண்ணிக்குப் பதில் தண்ணியைக் கொடுத்திருந்தால், இன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

பூசைக்குப் போகிறேன், அண்ணே. போகாமல் இல்லை. இங்கிருந்து அட்டனுக்கு நடந்தே போய்விடுவேன். நன்மை நேரத்தில் எல்லாரும் எழுந்து போவார்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கால் மடக்கி அவர்களுக்கு வழி விடுவேன். போகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். புருஷன் செத்தவள், எவனோடாவது இருக்கிறாளோ என்று நினைப்பார்களாக்கும்.

பாவசங்கீர்த்தனம் செய் என்கிறீர்கள். இரண்டு தரம் போய் வரிசையில் நின்று திரும்பிவிட்டேன். உள்ளே போனால் "செய்த பாவத்துக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறேன்" என்று சொல்ல வேண்டும். எதற்கு? ஒரு பிள்ளைக்கு உயிர் வரட்டும் என்று ஒரு வாய் கொடுத்ததற்கா? நாளைக்கே இன்னொரு பிள்ளை அப்படிச் சாய்ந்தால் திரும்பவும் கொடுப்பேன். மனசில் இல்லாததை சுவாமி உட்கார்ந்திருக்கிற அந்தக் கிராதிக்கு முன்னால் முழங்கால் போட்டுச் சொன்னால், அதுதானே பெரிய பாவம்? நீங்கள் உபதேசியார், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு கூத்துக் கேளுங்கள். இந்த ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறவர்களுக்குச் சுவாமி நற்கருணை கொண்டுவந்தால், மேசைக்கு வெள்ளைத் துணி விரிப்பது, மெழுகுதிரி வைப்பது, சுவாமி விரல் கழுவக் கிண்ணத்தில் தண்ணி வைப்பது எல்லாம் நான்தான். "சூசையம்மா இருந்தா கவலை இல்ல" என்கிறார் சுவாமி. ஆண்டவருக்கு மேசை போடத் தெரிகிறது எனக்கு. அந்த மேசையில் உட்காரத்தான் வழியில்லை.

பிலோமி என்ன வகுப்பு?

சூசையம்மா

—

பனிக்கல் தோட்டம்,
1953 ஏப்ரல் 9

சூசைக்கு,

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்தது. இந்த வருஷமும் நீ நன்மை வாங்கவில்லை என்று நினைக்கிறேன். வருஷத்தில் ஒரு தரமாவது வாங்காதவர்களைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கே தெரியும்.

தண்ணி வேறு, தேத்தண்ணி வேறு. அதை வைத்து வாதாட வேண்டாம்.

மனசில் இல்லாததைச் சொல்லாதே என்று நானும் சொல்கிறேன். மனசில் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பிலோமி இரண்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். மற்றதெல்லாம் சுகம். நல்லதண்ணி ஊருக்கு மலையேறும் யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போகிற பஸ்ஸில் நமக்குத் தெரிந்த கண்டக்டர் இருக்கிறார், அவர் கையில் தேயிலைத் தூள் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஸ்டோரில் இந்த வாரம் அரைத்தது. வாங்கிக்கொள்.

இஞ்ஞாசிமுத்து

—

டிக்கோயா,
1955 செப்டம்பர் 4

அண்ணே,

எழுதி வருஷக்கணக்காயிற்று. நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது. போன மாதம் மாதா திருநாள் வந்து போனது, அன்று முழுக்க யாரோடும் பேசாமல் வார்டைக் கழுவினேன். கழுவின இடத்தையே திரும்பக் கழுவுகிறாய் என்று நர்ஸ் அம்மா ஏசினாள்.

நேற்று இங்கே ஒருத்தி செத்துப்போனாள். அந்தோனியம்மா, கீழ்ப்பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். தொண்டையில் கட்டி. ஒரு வாரமாகக் கஞ்சி இறங்கவில்லை. சுவாமி வந்தார். அப்பத்தில் இம்மியளவு கிள்ளி அவள் நாக்கில் வைத்தார். விழுங்க முடியவில்லை. கண்ணில் தண்ணி கொட்டுகிறது, கையால் என்னைக் கூப்பிடுகிறாள். சுவாமி என்னைப் பார்த்து, "கரண்டியில தண்ணி குடும்மா, பயப்படாத" என்றார். கொடுத்தேன். இறங்கிவிட்டது. அவள் முகம் அப்படியே அடங்கிற்று, அண்ணே. அழுது ஓய்ந்த பிள்ளை பால் குடித்த மாதிரி. சாயங்காலம் போய்விட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் நாகலெட்சுமி என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்த ஐயர் வெள்ளையா வட்டமா இருந்ததுல கிள்ளிக் குடுத்தாரே, அது மாத்திரையா?" என்று கேட்டாள்.

"மாத்திரை இல்லடி. எங்க சாமி."

"சாமியவா திங்கிறீங்க?"

"ஆமா. எங்க சாமி அப்படித்தான். தன்னையே திங்கக் குடுத்துட்டாரு."

"பசி ஆறுமாக்கா?" என்றாள்.

"ஆறும்" என்றேன். ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பசிக்கிறது, அண்ணே. வயிறு நிறையச் சோறு தின்கிறேன், ஆனாலும் பசிக்கிறது. நீங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதெல்லாம் சரிதான், அது அவர்தான். அவராயில்லாவிட்டால் எனக்கு எதற்கு இந்தப் பசி?

நீங்கள் அன்றைக்கு அனுப்பின தூள் இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது. கொதிக்கவைத்துக் குடிக்க மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதைக் குடித்துக்கொள்கிறேன்.

பிலோமி நன்மை வாங்கும்போதெல்லாம் எனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுங்கள்.

சூசையம்மா

—

பனிக்கல் தோட்டம்,
1956 நவம்பர் 18

அன்புள்ள சூசை,

உன் கடிதத்தை ஒரு வருஷமாகச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அதில் கடைசியாக ஒன்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல வாய் வராமல்தான் எழுதாமலே இருந்துவிட்டேன்.

பிலோமி நன்மை வாங்குவதில்லை. அந்த மாதா திருநாளுக்குப் பிறகு ஒரு தரம்கூட வாங்கவில்லை.

முதலில் வயிற்று வலி என்றாள். அடுத்த மாதம் தலைவலி. சின்னப் பிள்ளை, பயந்திருக்கிறாள் என்று விட்டேன். சுவாமியிடம் கூட்டிப்போனேன். அவர், "குழந்தைக்கு இதில் ஒரு பாவமும் இல்லை, வாங்கலாம்" என்று தலையில் கைவைத்து அனுப்பினார். அப்போதும் இல்லை. ஒருநாள் கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். நகரவில்லை. "அத்தை வரட்டும். எனக்குக் குடுத்ததுக்குத்தான அத்தைய தொரத்துனீங்க. அத்தைக்கு இல்லாதது எனக்கு வேணாம்" என்றாள். நானா துரத்தினேன்? வாசலில் நில் என்றுதானே சொன்னேன். அதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

மாதா மாதம் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவாமியோடு அந்தப் பலகை நெடுகப் போகிறேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறக்கின்றன. என் பிள்ளை சுவரோரம் நிற்கிறாள். உபதேசியார் வீட்டுப் பிள்ளை. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்கும் உடம்பு முன்போல் இல்லை. மெஷின் பக்கத்தில் நிற்கும்போது கண் இருட்டுகிறது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா வயிற்றில் புண் என்கிறார், காலையில் வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாதாம். பூசை நாளில் மட்டும் இருக்கிறேன். அது ஒன்றை விட முடியாது.

அவளுக்கு நீ ஒரு வார்த்தை எழுது.

இஞ்ஞாசிமுத்து

—

டிக்கோயா,
1956 நவம்பர் 24

அண்ணே,

நீங்கள் மனுசன்தானா? இத்தனை வருஷம் இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்களே! அந்தப் பிள்ளை சுவரோரம் நிற்கிறது, நான் இங்கே அவள் வாங்குகிறாள், வாங்குகிறாள் என்று நினைத்து மனசை ஆற்றிக்கொண்டு கிடக்கிறேன். எனக்குப் போனாலும் அவளுக்காவது கிடைத்ததே என்றுதானே இருந்தேன்.

இதை அவளிடம் வாசித்துக் காட்டுங்கள்: பிலோமி, அத்தை சொல்றேன். நீ போய் வாங்கு தாயி. எனக்கும் சேர்த்து வாங்கு. ஆண்டவர் மேல கோவிக்காத, அவரு உனக்கு ஒண்ணும் பண்ணல.

உங்களுக்கு ஒன்று. வயிற்றுப் புண்ணோடு பட்டினி கிடக்காதீர்கள். நோயாளிகள் சுவாமியிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு ஏதாவது குடிக்கலாம் என்று இங்கே சொல்கிறார்கள். கேட்டால் என்ன குறைந்து போகும்? அவர் காதில் போய்க் கேட்கக்கூட உங்களுக்கு வீறாப்பு.

என்னை வா என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்தேன்.

சூசையம்மா

—

சேசு மரி சூசை துணை

பனிக்கல் தோட்டம்,
1957 ஜூன் 16

அன்புள்ள தங்கைக்கு,

புதுச் சட்டம் உனக்கும் தெரிந்திருக்கும். சாப்பாடென்றால் நன்மைக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும், தேத்தண்ணி போன்றதை ஒரு மணி நேரம் முன்னால் வரை குடிக்கலாம், நோயாளிக்கு அந்தக் கணக்கும் இல்லை. ஆயர் ஆண்டகையின் கடிதத்தை மடுவத்தில் வாசிக்க வேண்டியவன் நான். "தேத்தண்ணி" என்ற இடம் வந்ததும் வாசித்த வரியையே திரும்ப வாசித்தேன். மடுவம் முழுக்க என்னையே பார்த்தது. பின்னால் யாரோ எழுந்து போகிற சத்தம் கேட்டது. பிலோமிதான் என்று தலை தூக்காமலே தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டாள், மடித்து வாங்கி வைத்துக்கொண்டாள். போகவில்லை.

சட்டம் மாறினால் மாறட்டும், நான் மாற மாட்டேன் என்று போன பூசைக்கும் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் தொடாமல் நின்றேன். நீ சொன்ன வீறாப்புத்தான். மணி அடிக்கக் குனிந்தவன் அப்படியே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது பூசை நின்றிருந்தது. என் தலை பிலோமியின் மடியில். செல்லசாமி கங்காணியின் குவளை அவள் கையில்.

"குடிங்கப்பா" என்றாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "எனக்கும் அன்னைக்கு இப்படித்தாம்ப்பா இருந்துச்சு" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. நான் குடித்தேன். கருப்பட்டியும் கொடுத்தாள்.

சுவாமி பூசையை முடித்து என்னிடம் வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "நோயாளிக்குத் தடை இல்லை இஞ்ஞாசி, வாயைத் திற" என்றார். சாயத்தண்ணியும் கருப்பட்டியும் நாக்கிலிருக்க ஆண்டவர் வந்தார். நான் என்னென்னவோ பயந்திருந்தேன். அவர் எப்போதும் வருகிற மாதிரியேதான் வந்தார்.

அடுத்த ஞாயிறு செபமாலை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொன்னேன். அன்று உன்னைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே நின்றேன். "எந்தங்கச்சி எம்பிள்ளை உசுரக் காப்பாத்துனா. அத உங்ககிட்ட நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். செல்லசாமி கங்காணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

மாதா திருநாளுக்கு வா. வாசலில் யாரும் நிற்க வேண்டாம்.

இஞ்ஞாசிமுத்து

—

டிக்கோயா,
1957 ஜூலை 28

அண்ணே,

லீவு கேட்டிருக்கிறேன். ஒரு நாள்தான் தருவார்களாம். வருகிறேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தி எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அது முடியுமா என்று தெரியவில்லை. பிலோமியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். இன்னொரு தரம் அவளை ஏமாற்ற என்னால் ஆகாது.

சூசையம்மா

—

சேசு மரி சூசை துணை

டிக்கோயா,
1957 ஆகஸ்டு 18

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நேரில் ஒரு வார்த்தை பேசினோமா? நீங்கள் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றீர்கள், நான் "ஆமா" என்றேன். அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை அட்டன் கோயிலில் வரிசையில் நின்றேன். இந்தத் தரம் திரும்பி வரவில்லை. உள்ளே போய் முழங்கால் போட்டு, "சாமி, ஒரு பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தேன், அதுக்கு எனக்கு மனஸ்தாபம் இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர், "அதை நான் கேட்கவில்லையே அம்மா. எதற்கு மனஸ்தாபம் இருக்கிறதோ அதைச் சொல்" என்றார். அது தானாகவே வந்துவிட்டது. "அந்தப் பிள்ளைய விட்டுட்டு பஸ் ஏறிட்டேன் சாமி. எனக்கு எங்கண்ணன் மேலதான் கோவம். அவளத் தனியா விட்டுட்டேன்" என்றேன். அழுகையில் கிராதியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

பாவத்துக்குப் பரிகாரமாக என்ன அபராதம் கொடுத்தார் தெரியுமா? செபமாலை இல்லை, உபவாசம் இல்லை. "போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் முழங்காலில் இருந்து நன்மை வாங்கு. அதுதான் அபராதம்" என்றார்.

திருநாளன்று காலை முதல் பஸ்ஸில்தான் புறப்பட்டேன். மஸ்கெலியாவைத் தாண்டினதும் அந்த வருஷம் போலவே மண்சரிவு, பஸ் நின்றுவிட்டது. இதுவும் வேண்டுமா ஆண்டவரே என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் இறங்கி ஏறினேன். கால் முழுக்க அட்டை. சுவாமி அப்பத்தை உயர்த்துகிற கும்பிடு மணி கேட்கும்போது மடுவத்துக் கூரை தெரிந்தது. நீங்கள் பீடத்தைப் பார்த்து முழங்காலில் இருந்தீர்கள், நான் வந்தது உங்களுக்குத் தெரியாது. பிலோமி சுவரோரம் நின்றாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினேன். வந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பலகையின் கோடிக்குப் போனோம்.

சுவாமியோடு தட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். பிலோமி வாயைத் திறந்ததும் தட்டு நின்றுவிட்டது. பிறகு என் மோவாய்க்குக் கீழே வந்தது. உங்கள் கை ஆடின ஆட்டத்தில் தட்டு என் கழுத்தில் இடித்துக்கொண்டே இருந்தது, அண்ணே. நான் நிமிர்ந்து உங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் ஆண்டவரைக் கீழே விட்டிருப்போம்.

ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் மாறிவிட்டது, எனக்குத் தெரியும். வழியில் கடையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தான். குடிக்கலாம், நேரமும் இருந்தது. நிற்காமல் தாண்டி வந்துவிட்டேன். நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் தொடாமல்தான் வந்தேன். உங்களைக் குறை சொன்ன நானும் அப்படித்தான். பிலோமி மட்டும் குடித்திருந்தாள், அவள் என் பக்கம் சாய்ந்தபோது சாயத்தண்ணி வாசம் வந்தது. என் வாயில் ஒன்றுமில்லை. சுவாமி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கொடுத்தார்.

அடுத்த மாதப் பூசைக்கும் வரப் பார்க்கிறேன். வார்டில் ஆள் குறைவு, உடம்பும் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் பார்க்கிறேன். நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள்.

இங்கே வந்ததும் அந்தத் தூள் டப்பாவைத் திறந்தேன். பூஞ்சை பிடித்துப் போயிருக்கிறது. கண்டக்டர் கையில் புதிதாகக் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
சூசையம்மா